நிமிஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

மொட்டைமலையில் காற்று எழுந்துவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. போதாததற்கு, பேச்சுச் சத்தம் கேட்டால் கங்காணிக்குப் பொறுக்காது. ஆகவே அந்தப் பக்கத்துக் கொழுந்துப் பெண்கள் கையால் பேசினார்கள். மேலுதட்டில் விரலை வைத்து இழுத்தால் கங்காணி வருகிறார். உள்ளங்கையை இரண்டு பக்கமும் சாய்த்தால் நிறுவைக்கு நேரமாகிவிட்டது. ரோட்டில் நின்று பார்க்கிற வெளியாளுக்கு, இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய இருபது பெண்கள் மூடுபனிக்குள் நின்று காற்றோடு சண்டை பிடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

இந்தப் பேச்சை மலைக்குக் கொண்டுவந்தவள் நாகலெட்சுமி. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது, வாயும் பேசாது. பதினாலு வயதில் கூடை தூக்கி வந்தபோது, அவளோடு பழக வேண்டுமே என்று அந்தக் கூட்டத்துப் பெண்கள் அவள் கையைப் படித்தார்கள். படித்த பிறகுதான் தெரிந்தது, அது காற்றிலும் செல்லும், கங்காணியின் மூக்குக்கு முன்னாலும் செல்லும் என்று. பிறகு யார் விடுவார்கள்? புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள்கூட ஆறு மாதத்தில் கையால் வம்பளக்கப் பழகிவிடுவார்கள்.

நான் அந்தத் தோட்டத்துத் தபால்காரன். பெயர் சோலைமலை. காலையில் கித்தான் பையை மாட்டிக்கொண்டு நாலு கட்டை தூரம் இறங்கி அக்கரப்பத்தனைத் தபால் கந்தோருக்குப் போவேன். துரையின் தபாலும் தொழிலாளர் லயத்துத் தபாலும் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் ஏறிவிடுவேன். நாகலெட்சுமி என்னைக் கூப்பிடுவது தன் தோளில் இரண்டு தட்டுத் தட்டி. பைக்காரன் என்று அர்த்தம். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் மகள் சுலக்ஷனா ஜோர்தானில் வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து, கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் கையால் சொல்வேன்.

அப்பன் இல்லாத பிள்ளை சுலக்ஷனா. கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா நெஞ்சடைத்துப் போய் ஆறு வருடம். தாய்க்கு இருந்தது அவள் ஒருத்தி, அவளுக்கு இருந்தது தாய் ஒருத்தி. கன்னத்தில் குழி விழும் என்பதால் அவளுக்குக் கைப் பெயர் கன்னத்தில் ஒரு விரல்.

ஒரு குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாசித்த கடிதம் எல்லாம் முழுக் கடிதம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று வந்தால் நான் சளி என்றேன். ராத்திரியெல்லாம் அழுதேன் என்று வந்தால் அந்த வரியைத் தாண்டிப் போனேன். தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்துவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அதை எப்படிச் சொல்வது? எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வைகாசியில் வந்த உறைக்குள் தனியாக ஒரு தாள் இருந்தது.

"சோல மாமா, இது ஒங்களுக்கு மட்டும். எண்ணெச் சட்டி சரிஞ்சி எடது கை வெந்து போச்சி. கட்டு அவுத்தா மூணு வெரலு ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கு. மடக்க முடியல. மேடம் நல்லவங்க, வேலயவிட்டு நிப்பாட்டல. தையில என் ஒப்பந்த எழுத்து முடியுது. அம்மா நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்கும். நான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போறேன். ஒத்தக் கையோட மலைக்கு வந்து என்னா பண்றது மாமா? அம்மாவுக்குச் சொல்லாதீங்க."

கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கைக்காரிக்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் பேர் போட மாட்டார். பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர். பிள்ளை எழுதியது நியாயம்தான் என்று எனக்கே பட்டது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்காளாம், நல்லா சாப்பிடுறாளாம்" என்று நாகலெட்சுமிக்குக் கையால் சொன்னேன். அன்று அவள் எனக்கு இன்னொரு ரொட்டி வைத்தாள்.

ஆனால் என் வாயே எனக்கு வினையாக இருந்தது. கை வேகுமுன் தையில் வந்த ஒரு கடிதத்தில் சுலக்ஷனா எழுதியிருந்தாள்: "இங்க ஒரே தெருவுல அஞ்சு இன்டர்நெட் கடை. ஒருத்தனப் பாத்து ஒருத்தன் வெலயக் கொறைக்கிறான். ஒரு மணித்தியாலம் ரெண்டு ரொட்டி வெலதான். மொகத்தப் பாத்துப் பேசலாம்மா. அங்க யாராச்சும் கேமரா வச்சா சொல்லுங்க." அதை நான் ஆசையாக, ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருந்தேன். சித்திரையில் அக்கரப்பத்தனை றமணன் தன் கடையில் கேமரா வாங்கி வைத்தான். அன்றிலிருந்து நாகலெட்சுமி என்னைக் கண்டால் தோளில் தட்டுவாள், கன்னத்தில் விரல் வைப்பாள், கண்ணைக் காட்டுவாள். மகளைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

றமணன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சண்டையில் இடம் பெயர்ந்து வந்து இங்கே கொமினிகேஷன் கடை போட்டவன். அந்த மலைப்பக்கம் முழுவதற்கும் அவனிடம்தான் இன்டர்நெட். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். பத்து நிமிஷம் இருந்தால் ஒரு பேர் போச்சு.

"ஏன் தம்பி, கொள்ள அடிக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"அண்ணை, என்னைப் பேசி என்ன செய்யிறது? மலைக்கு ஏறி வாறது ஒரே கொம்பனியின்ரை ஒரே கம்பி. இஞ்சை உள்ளூர் நம்பர் இல்லை. நான் இன்ரநெற் எடுத்தா அது கொழும்புக்கு எடுத்த கோல் மாதிரி ஏறுது. அதுக்கு மேலை இன்ரநெற்றுக்கும் வேறையாக் காசு. எனக்கு நிமிசத்துக்கு ரெண்டு ரூவா மிஞ்சாது. வேறை கொம்பனி ஒண்டு வரட்டும், நான் நாளைக்கே விலையை இறக்கிறன்."

அவன் சொன்னது உண்மை. எனக்கோ உள்ளுக்குள் ஒரு கெட்ட நிம்மதி. இந்த விலையில் அவள் எங்கே பார்க்கப் போகிறாள் என்று இருந்தேன்.

கொழுந்துப் பெண்களை நான் மறந்துவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்கோ சுகமில்லாதவளுக்கோ கிலோ குறைந்தால், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுப் பேரை நிறைத்துவிடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். காளியாயி என்று ஒருத்தி, வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு சண்டை பிடிக்கக்கூடியவள், மலை மேட்டில் நின்று கையை உயர்த்திச் சொன்னாள். கிலோவுக்குக் கையோடு காசு தரும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்தில், அடுத்த இரண்டு வாரமும், ஆளுக்கு இரண்டு கை நாகலெட்சுமி கூடைக்குப் போனது. இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஆயிற்று.

ஆனி மாதம், வெள்ளிக்கிழமை, சரியான மழை. சுலக்ஷனாவுக்கு வெள்ளியில்தான் ஓய்வு; நாளும் நேரமும் கடிதத்தில் குறித்திருந்தோம். அரைப்பேரை விட்டுவிட்டுப் பத்தொன்பது பெண்கள் மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு அவளோடு இறங்கினார்கள். றமணனின் கடை நாலு பேர் நிற்கும் கடை. ஈரச் சாக்கு வாடையும் கொழுந்துக் கறை வாடையுமாக அத்தனை பேரும் உள்ளே ஏறிவிட்டார்கள். இன்டர்நெட் லைன் பிடிக்கப் பெட்டி கீச்சென்று கத்தி இரைந்தது. நாகலெட்சுமிக்கு அது கேட்கவில்லை. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கே நாலு நிமிஷம் ஓடியது.

பிறகு படம் வந்தது. முதலில் நெற்றி. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துக் கண். பிறகு மூக்கு, கன்னம், அந்தக் குழி. கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி எங்கேயோ இருக்கிற பிள்ளை, அக்கரப்பத்தனையில் ஒரு கண்ணாடிக்குள் துண்டு துண்டாக இறங்கி வந்து உட்கார்ந்தாள். எனக்கு உடம்பு புல்லரித்தது. காளியாயி கைகூப்பிக் கும்பிட்டாள். நாகலெட்சுமி எழுந்து போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அது சூடாக இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்து, "சூடு" என்று கையால் சொன்னாள். பிள்ளையின் சூடு என்றே நினைத்துவிட்டாள் போலும். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் காரியம் கெட்டது. பத்தொன்பது பேரும் வரிசையாக வந்து கேமராவுக்குக் கை காட்டியதில் ஒன்பது நிமிஷம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் நாகலெட்சுமி பேசினாள். எப்படிப் பேசினாள்! இரண்டு வருடத்துப் பேச்சு. கை பறந்தது. அந்தப் படமோ ஏழெட்டு விநாடிக்கு ஒன்றுதான் மாறும். அந்தப் பக்கம் பிள்ளைக்குத் தெரிந்தது வெறும் மங்கல். வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவளுக்கு வேறு என்ன இருக்கிறது? இருபத்தைந்தாவது நிமிஷத்தில் மகளிடமிருந்து முழுசாக வந்து சேர்ந்தது ஒரே ஒரு வார்த்தை. சாப்பிட்டியா.

ஏறி வரும் வழியில் நாகலெட்சுமி என்னை நிறுத்தினாள். "ஏன் ஒரு கையால மட்டும் பேசுறா?" என்று கேட்டாள்.

"பெட்டி சின்னது. ஒரு கைதான் பிடிக்கும்" என்றேன் கையால்.

மழை சொட்டச் சொட்ட நின்று என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி மலை ஏறினாள்.

மெதுவாகப் பேசினால்தான் அந்தப் பெட்டிக்குள் போகும் என்பது காளியாயிக்கு விளங்கிவிட்டது. மெதுவாகப் பேச இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். பன்னிரண்டு நாள் பேர். யார் கூடையிலிருந்து எத்தனை கை போட்டாலும் அது ஆகாது.

அடுத்து அவர்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வரும், கோபமும் வரும். இன்டர்நெட் விலையைக் குறைக்கச் சொல்லி மகஜர் எழுதி, கூட்டமாகக் கந்தோருக்குப் போய்த் தோட்டத்துத் துரையிடம் கொடுத்தார்கள். கூரைத் தகரமா, லீவா, சவப்பெட்டிப் பலகையா, எங்களுக்கு எது வேண்டுமானாலும் துரையிடம்தானே கேட்டுப் பழக்கம்? துரை இரண்டு தரம் வாசித்தார்.

"இது நம்ம தோட்டத்துச் சாமான் இல்லயே" என்றார்.

"ஒங்க கந்தோருக்கும் அதே கம்பிதானுங்களே வருது?" என்றாள் காளியாயி.

"ஆமா. நானும் அதே விலைதான் கட்டுறேன்."

துரைக்கும் மேலே ஒருவன் விலை சொல்கிறான் என்பது அந்தப் பெண்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. திரும்பி வரும்போது துரையை நினைத்துக் கொஞ்சம் பாவப்பட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆவணியில் தபால் கந்தோர்ச் சுவரில் மூன்று பாஷையில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். மலைப்பகுதிக் கட்டணத்தை இன்னும் கூட்டக் கம்பனி அனுமதி கேட்டிருக்கிறது. தொலைத்தொடர்பு ஆணைக்குழு அதிகாரி பொதுமக்கள் கருத்தைக் கேட்க வருகிறார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதும் உண்மை. ஏறி வந்து காளியாயியிடம் சொன்னேன்.

விசாரணை நாளில் மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தம்பிஐயா என்ற அதிகாரி. யாழ்ப்பாணத்தவர், தலை நரைத்தவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால்தான் வாய் திறப்பவர். அவருக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய கம்பனி அதிகாரி. றமணனும் வந்திருந்தான். நம் ஆட்கள் இருபது பேர், வேலைச் சீலையோடு பின்வரிசையில்.

கம்பனி அதிகாரி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கல்லை உடைத்துக் கம்பம் நட்டு மலைக்குக் கம்பி இழுக்க எத்தனை லட்சம் என்றார். பாவிப்பது நாலைந்து கடை என்றார். விலையைக் குறைக்கச் சொன்னால் டயகமப் பக்கத்துக்கு இழுக்க வைத்திருக்கும் கம்பியை நிறுத்த வேண்டி வரும் என்றார்.

உடனே அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். ரஜனி என்று பெயர், பாலர் பாடசாலை டீச்சர்.

"ஐயா, எங்க பக்கம் கம்பியே இல்ல. இவங்களுக்கு வெலயக் கொறச்சா எங்களுக்கு வராதுன்னா, தயவுசெஞ்சி கொறைக்காதீங்க. கூடுன வெலக்காச்சும் ஒண்ணு இருக்கட்டும். எங்களுக்கும் வெளிநாட்டுல ஆளு இருக்கு."

அவள் கேட்டதும் நியாயம்தானே! காளியாயிகூடத் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்தாள்.

"அந்தப் புள்ள சொல்றது சரிதாங்க. ஆனா நான் ஒண்ணு சொல்றேன். எங்க மலையில ஒரே தராசு. எம் கொழுந்த வேற எடத்துல கொண்டுபோயி நிறுக்க முடியாது. தண்ணின்னு ரெண்டு கிலோ வெட்டுவாங்க, கூடைக் கனம்னு ஒண்ணு வெட்டுவாங்க. ரெண்டு தராசு இருந்தா நாங்க ஏன் பேசுறோம்? அந்தப் பக்கம் போயிருவோம்ல. ஒரே தராசுங்கறதுனாலதான சங்கம் வேணும், சட்டம் வேணும்னு எங்க பாட்டன் காலத்துலருந்து அடி வாங்குறோம்? தராசு வாங்குன காசு அவங்களுக்கு வரட்டும். நாங்க வேணாங்கல. எம்புட்டு வெட்டலாம்னு அவங்களே சொல்லக்கூடாது."

தம்பிஐயா கண்ணாடியைத் துடைத்தார். "நல்லது அம்மா. நான் ஒண்டு கேக்கிறன். வேறை வழி இருக்கிற இடத்திலை அரசாங்கம் விலையிலை கை வைக்கிறது பிழை. ஆக்கள் அந்த வழியாலை போவினம். வேறை வழியே இல்லாட்டித்தான் நாங்கள் உள்ளுக்கை வரலாம். உங்களுக்குக் கடிதம் இருக்கு, ரெலிபோன் இருக்கு. இன்ரநெற் இல்லாட்டி ஏலாது எண்ட ஆள் ஆரும் இருக்கினமோ?"

காளியாயி நாகலெட்சுமியின் முதுகில் தட்டினாள். நாகலெட்சுமி எழுந்து முன்னால் போனாள். கைப் பேச்சை வாயால் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? என்னைத் தள்ளி விட்டார்கள்.

அவள் அதிகாரியைப் பார்த்து நின்று, தோளில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு நெஞ்சைத் தொட்டாள்.

"தபால்காரர் நல்லவருன்னு சொல்லுதுங்க" என்றேன். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

அவள் கை மேலே பேசியது: ரெண்டு வருஷமா இவரு கையில எம் மகளுக்கு ஒரு தலவலி வந்ததில்ல. ஒரு நாளு அழுததில்ல. எந்த ஊர்ல அப்பிடிப் பொண்ணு இருக்கு?

"கடுதாசியில எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லுது" என்றேன்.

"அப்பிடிச் சொல்லல!" என்று பின்னால் இருந்து காளியாயி கத்தினாள்.

"சொல்லலங்க ஐயா, அண்ணன் பொய் சொல்றாரு!" என்றாள் இன்னொருத்தி. பத்தொன்பது பேரும் எழுந்துவிட்டார்கள். அவள் சொன்ன சொல்லை ஆளுக்கு ஆள் கத்திச் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் அவள் கையைப் படிக்கத் தெரியாதவர்கள் மேசைக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் றமணனும் ரஜனியும்தான்.

தம்பிஐயா என்னைப் பார்த்தார். "உள்ளதைச் சொல்லும்."

அதற்குப் பிறகு அவள் கை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இவரு எனக்கு அழுக வரக்கூடாதுன்னு பாக்குறாரு. எனக்குக் கோவமில்ல. ஆனா எம் புள்ள அழுதா எனக்குத் தெரியணும். கடுதாசின்னா இவரு கை. போனுன்னா வேற யாராச்சும் காது. எம் புள்ளய நானே பாக்க எனக்கு இருக்குறது இந்த ஒரு வழிதான். அந்த வழியில ஒரே ஒருத்தர் நின்னுக்கிட்டு, மெதுவாப் பேசுறவளுக்கு நெறய வெலன்னு சொல்றாரு. எம் புள்ள ஒரு கைய எனக்குக் காட்டல. அது என்னான்னு நான் பாக்கணும்."

தம்பிஐயா அன்று அதற்குமேல் யாரையும் கேள்வி கேட்கவில்லை. நெடுநேரம் எழுதினார். கம்பனி அதிகாரி நாகலெட்சுமியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ முதல் தடவையாகக் கை என்று ஒன்றைப் பார்ப்பவர்போல.

திரும்பி ஏறும்போது என்னால் தாங்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் கையைத் தூக்கினேன். நாகலெட்சுமி என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இறக்கினாள். தலையை ஆட்டினாள். ஒரு விரலால் என் கையைக் காட்டி வேண்டாம் என்றாள், தன் கண்ணைத் தொட்டாள். வெட்கமாகிவிட்டது எனக்கு. தாளை மடித்து உள்ளே வைத்தேன்.

தையில் பிள்ளை கையெழுத்து வைத்துவிடுவாள். ஆணைக்குழுவின் முடிவுக்காகக் காத்திருந்ததில் ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. பதில் இல்லை. ஆனால் மலையில் ஒன்று நடந்தது. நாகலெட்சுமி மெதுவாகப் பேசப் பழகினாள். ஒரு சொல்லைக் கையில் பிடித்து, எட்டு எண்ணும் வரை அசையாமல் வைத்திருப்பாள். பிறகு அடுத்த சொல். மறுமொழி சொல்கிறவர்களும் அப்படியே செய்ய வேண்டும். ஐப்பசி மூடுபனிக்குள் அந்த இருபது பெண்களும் கையைத் தூக்கி அப்படியே நிற்பதும், பிறகு இன்னொரு விதமாக நிற்பதுமாக இருந்ததைத் தபால் பையோடு போகிற வழியில் நின்று பார்த்திருக்கிறேன். கோயிலில் நிற்கிற மாதிரி எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது. கங்காணி ஏதோ புது வருத்தம் பரவுகிறது என்று தோட்டத்து டொக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

கார்த்திகைக் கடைசியில் கட்டளை வந்தது. மலைக் கடைகளின் இன்டர்நெட் அழைப்பை உள்ளூர் அழைப்பாகத்தான் எண்ண வேண்டும். கடைக்காரன் நிமிஷத்துக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. றமணனுக்கே சந்தோஷம், முதல் வாரத்திலேயே கடைக்கு வெளியே ஆள் நின்றது. டயகமப் பக்கத்துக்கு வரவிருந்த கம்பியைக் கம்பனி சொன்னபடியே நிறுத்திவிட்டது. அது ஏற இன்னும் இரண்டு வருடமாயிற்று. ரஜனி டீச்சர் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மார்கழி முதல் வெள்ளி. இந்தத் தடவை கூட்டம் இல்லை. நாகலெட்சுமி, காளியாயி, நான். வெளியே பனி விழுந்து வெயில் சுள்ளென்று இருந்தது. றமணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

நெற்றி வந்தது, கண் வந்தது, கன்னம் வந்தது. நாகலெட்சுமி கன்னத்தில் விரலை வைத்து எட்டு எண்ணும் வரை பிடித்தாள். அந்தப் பக்கம் பிள்ளை அதைக் கண்டுகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்ட ஒரு படம் வந்தது. பிறகு அவளுடைய வலது கை, அசையாமல்: அம்மா.

நாகலெட்சுமி நலம் விசாரிக்கவில்லை. தன் இடது கையை உயர்த்தி வலது விரலால் அதைக் காட்டினாள். பிடித்தபடி இருந்தாள். அந்தக் கையைக் காட்டு.

அடுத்த படத்தில் பிள்ளை பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். அதற்கடுத்த படத்தில் குனிந்த தலை மட்டும். அதற்கடுத்ததிலும் அதுவே. நாகலெட்சுமி கையை இறக்கவில்லை. தோள் நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. ஆறாவது படமோ ஏழாவது படமோ, அந்தக் கை வந்தது. பெருவிரலும் சுண்டுவிரலும் தனியாக, நடுவில் மூன்றும் ஒரே சதையாக, பளபளவென்று.

காளியாயி "ஐயோ எங்காத்தா" என்று சுவரில் சாய்ந்தாள். நாகலெட்சுமி கண்ணை எடுக்கவில்லை. பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கு யாரும் கொடுக்காத ஒன்றைக் கடைசியில் வாங்கிக்கொண்டவள் மாதிரி இருந்தது அவள் முகம். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது.

பிள்ளை பேசினாள், ஒவ்வொரு சொல்லாக. கொழுந்து பறிக்கிற சைகை இரண்டு கையாலும் செய்வது. அவள் வலது கையால் பறித்தாள். இடது கை மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. இப்படி இருந்தா பேர் இல்ல. வரல. தையில கையெழுத்து.

நாகலெட்சுமி தன் இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சீலைக் கட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வா என்பதை எங்கள் மலையில் இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்கு அணைத்துச் சொல்வார்கள். அவள் ஒரு கையை விரித்து நெஞ்சுக்கு அணைத்தாள். அப்படியே பிடித்திருந்தாள்.

பிறகு ஒரு கையாலேயே பேசத் தொடங்கினாள். பிள்ளைக் காம்பராவில் கொழுந்துக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள். லயத்துக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. யார் வீட்டு நாயையோ சிறுத்தை கொண்டுபோயிற்று. யாருக்கோ இரட்டைப் பிள்ளை. இரண்டு கை வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் பாதியாக்கி, அந்தப் பாதியில் முழுவதையும் சொன்னாள். காளியாயிக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து இரண்டு கையாலும் எதையோ சொல்லப் போனாள். நாகலெட்சுமி அவள் இடது கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். காளியாயி விழித்தாள். பிறகு அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் பிள்ளை சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்து சேர மூன்று படம் ஆயிற்று. அதன் பிறகு அவள் தன் ஒற்றைக் கையை விரித்தாள், நெஞ்சுக்கு அணைத்தாள், ஒரு விரலைத் தூக்கிப் பொங்கல் பானை பொங்குவதைக் காட்டினாள். தைக்கு வர்றேன்.

எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் றமணனும் வந்து பக்கத்தில் நின்றான். அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணை, ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு நிக்கிறன். ரெண்டு பேரும் என்ன கதைக்கினம்?"

"தெரியாது தம்பி" என்றேன். "உள்ள இருக்காங்க, அவங்கள்ட்டயே கேளுங்க."